மிளாப்பாறையில் மட்டும் குழம்பு ருசிப்பது ஏன்?

ஜீப்பை விட்டு இறங்கி, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"இங்க பாக்க என்ன இருக்கு?"

மிளாப்பாறை பங்களாவின் சமையல்காரர் பகவதியப்பன் முப்பத்தோரு வருடமாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார். அன்றைய மனநிலையைப் பொறுத்துப் பதில் மாறும். "மஞ்சு இருக்கு" என்பார், மலையை மூடும் பனியைக் காட்டி. மஞ்சு இல்லாத வெயில் நாளென்றால், "மஞ்சு இப்பத்தான் போச்சு, ஒரு மணிக்கூர் முன்ன வந்திருக்கணும்" என்பார். மார்த்தாண்டத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் இதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டபோது, "என்னையப் பாருங்க சார், நானும் பழைய ஆளுதான்" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்துகொண்டார். வாத்தியார் உண்மையிலேயே ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

கீரிப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டமும் கிராம்புத் தோட்டமும் தாண்டி, முக்கால் மணி நேரம் ஜீப்பில் குலுங்கினால் பங்களா வரும். திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியது. அவர் காப்பி போட்டார், நோய் வந்து அழிந்தது. தேயிலை போட்டார், யானை மிதித்தது. கடைசியில் கிராம்பு போட்டார். அது காய்ப்பதற்குள் மனம் வெறுத்துக் கப்பல் ஏறிவிட்டார். அவர் விட்டுப்போனவை: தேக்குப் பலகைத் தரை, பதினாறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, கூடத்தில் குளிர்காய ஒரு கணப்பு, பின்கட்டில் ஆறு வாய் உள்ள பெரிய விறகடுப்பு. கணப்புக்கு முன்னால் நின்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். விறகடுப்பை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கதை அந்த அடுப்பைப் பற்றியது.

நான் இங்கே வந்தது தற்செயல். ஏழு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு, கையிருப்பும் விசாவும் ஒரே மாதத்தில் தீர்ந்து நாகர்கோவிலுக்குத் திரும்பியிருந்தேன். பங்களாவைப் பராமரிக்க ஒரு குழு இருக்கிறது. அப்பா அதன் செயலாளர். "சும்மா இருந்து பாஸ்போர்ட்டப் பொரட்டதுக்கு, மேல போயி முன்பதிவப் பாத்துக்க பிரியா" என்றார். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு நாள் கூட இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஜீப்பில் ஏறினேன்.

பகவதியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மண்டைக்காட்டுக்காரர். பகவதி அம்மன் கோவில் கொடை விழா நடந்துகொண்டிருந்தபோது பிறந்ததால் அந்தப் பெயர். வெடிச் சத்தத்தில் பிறந்ததால்தான் தனக்கு எதற்கும் பயமில்லை என்பார். அட்டைக்கு மட்டும் பயப்படுவார். மலையில் முப்பத்தோரு வருடம் இருந்தும் அது போகவில்லை. சமையலறையிலிருந்து கிணற்றுக்குப் போகும் இருபதடியை, சூடான கல்லில் மிதிக்கிறவர் மாதிரி குதித்துக் குதித்தே கடப்பார்.

பாத்திரம் கழுவ வந்து, பெரிய சமையல்காரர் ஓய்வுபெற்றதும் கரண்டியைக் கையில் எடுத்தவர். அப்போதெல்லாம் ஆட்கள் வந்து தங்குவார்கள். ஜட்ஜுகள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள், புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்து ஜன்னலே திறக்காமல் போனார்கள். எல்லோருக்கும் மூன்று வேளையும் பகவதியப்பன்தான். பிறகு யானை நடமாட்டம் கூடிப்போய், நாலு மணிக்கு மேல் மலையில் யாரும் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதோடு தங்கல் நின்றது. காலையில் வந்து சாயங்காலம் இறங்கிவிடுகிற கூட்டம் மட்டும்தான் இப்போது. காவலுக்கு இருக்கும் வாட்சரும் பகவதியப்பனும் விதிவிலக்கு. யானைகளுக்கு அவர்களைத் தெரியும்.

பகல் கூட்டம் வரத் தொடங்கியதும் பகவதியப்பனின் வாழ்க்கையில் ஒரு பெரிய அநியாயம் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருநாள் பயணம் போனால் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். போகிற இடத்தில் சோறு கிடைக்குமா என்ற பயத்தில் இல்லை. கிடைக்கிற சோறு நம்ம வீட்டுச் சோறு மாதிரி இருக்குமா என்ற சந்தேகத்தில். வேனில் ஆளைவிடத் தூக்குப்போணி அதிகமாக இருக்கும். வந்து இறங்கியதும், "ஏம்ப்பா, அடுப்பு இருக்கா? இதக் கொஞ்சம் சூடாக்கித் தருவியா?" என்பார்கள். கூட ஒரு கத்தி, கொஞ்சம் உப்பு, வெந்நீர்.

பதினாலு வருடமாக அவர் செய்த சமையல் இதுதான்.

"அப்ப வீட்டுல போய் சமைக்கலாமே, அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுலயா?" என்று சிரித்தார். அவர் மனைவி ராஜி தன் அடுக்களைக்குள் அவரை விடுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது, வைத்ததைத் தின்றுவிட்டு வரவேண்டும். "ஒரு மட்டம் அயில மீன் கறியில புளி ஒரு இணுக்கு கொறவுன்னு சொல்லிப்போட்டேன் மக்கா. மூணு நாளு ஓட்டல்லயாக்கும் தின்னேன். அந்த ஓட்டல்லயும் புளி கொறவு. சொல்லுவனா?"

ஆக, பூமியில் அவருக்கென்று இருந்தது அந்த ஆறு வாய் அடுப்பு மட்டும்தான்.

என் வேலையில் ஒரு பகுதி, வந்துபோனவர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகளுக்குப் பதில் போடுவது. முதல் வாரத்தில் எல்லாவற்றையும் படித்தேன். பங்களாவைப் பற்றி யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. "பரவாயில்லை. அட்டை அதிகம்." "கழிப்பறை தூரம்." ஆனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்கறிதான். ஆனால் அங்கே வைத்துச் சாப்பிட்டபோது என்ன ருசி! மலைக்காற்றின் மகிமை." "அந்தத் தண்ணீரில் ஏதோ மூலிகை இருக்கிறது." "என் மனைவியின் தீயல் குழம்பை இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டேன்."

ஏழு வருடத்தில் நானும் நிறைய மலைகளில் சாப்பிட்டிருக்கிறேன். உயரம் கூடக் கூட எனக்குப் பசிதான் கூடியிருக்கிறது. கெட்டுப்போன குழம்பு நல்ல குழம்பானதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை விஷயம் தெரிந்தது. தக்கலையிலிருந்து ஒரு தையல் வகுப்புப் பெண்கள் வந்திருந்தார்கள். வெந்நீர் கேட்கப் பின்கட்டுக்குப் போனேன். பகவதியப்பன் முதுகு காட்டி நின்றிருந்தார். அடுப்பில் யாருடையதோ சாம்பார். மூடியைத் திறந்தார். கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடி, டாக்டர் நாடி பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு சிட்டிகை தூவினார். ஒரு துண்டு வெல்லம். நாலு கறிவேப்பிலையைக் கசக்கிப் போட்டு மூடினார். அடுத்த சட்டி.

"அண்ணாச்சி!"

கரண்டி கீழே விழுந்தது.

"ஏட்டி, சவமே, நெஞ்சு வெடிச்சிருக்கும். மெதுவா வரக்கூடாதா?"

"அடுத்தவங்க சாம்பார்ல என்ன போடுறீங்க?"

அவர் வாசலை எட்டிப் பார்த்தார். ஆளில்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் போடல. அதுல இல்லாததத்தான் போட்டேன்."

"பதினாலு வருஷமாவா?"

"பின்ன? கண்ணு முன்ன ஒரு பிள்ள தப்பா எழுதிட்டு இருந்தா வாத்தியாரு சும்மா இருப்பாரா? இந்தா, இதப் பாரு." ஒரு சட்டியைக் காட்டினார். "இதுல ரெண்டு பேரு உப்புப் போட்டிருக்கு. மாமியாரும் மருமகளும். ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. பேச்சு இருந்தா, உப்புப் போட்டாச்சான்னு ஒருத்தி கேட்டிருப்பா."

அன்று மதியம் கவனித்தேன். மேசையின் இந்த முனையில் ஒரு மாமியார், அந்த முனையில் ஒரு மருமகள். நடுவில் சாம்பார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. சட்டியைத் திறந்து ருசி பார்த்தே வீட்டு நிலவரம் சொல்லிவிடுவார். இந்த வீட்டில் ஆம்பிளைக்கு ரத்தக்கொதிப்பு. இந்த வீட்டில் தேங்காய் கடையில் வாங்குகிறார்கள், மரம் இல்லை. இவள் அடுப்பை மூட்டிவிட்டு போனில் பேசப் போயிருக்கிறாள். கடலோர இனயத்துக்காரர்களின் மீன்குழம்பில் மட்டும் கை வைக்கமாட்டார். "அதுல செய்ய ஒண்ணுமில்ல மக்கா" என்று சொல்லிவிட்டு, சட்டி காலியாகி வரும்போது அடியை வழித்து நக்குவார். குளச்சல் பிரியாணிக்கும் அதே மரியாதை.

வெளியே சொல்லிவிடாதே என்று மட்டும் என்னிடம் சத்தியம் வாங்கினார். "நம்ம ஊர்ப் பொம்பளைய கிட்ட, ஒன் புருசன் செரியில்லன்னு சொல்லலாம். ஒன் கொழம்பு செரியில்லன்னு சொல்லீர முடியுமா? மலைய விட்டு இறங்க முடியாது."

இப்படி இருக்கும்போதுதான் குழுவிலிருந்து கடிதம் வந்தது. சமையலறையில் சமையல் நடப்பதில்லை என்று தெரியவருவதாலும், விறகுக்கு வனத்துறையிடம் ஒவ்வொரு வருடமும் கெஞ்ச வேண்டியிருப்பதாலும், அந்த அடுப்பை இடித்து அந்த இடத்தில் படம் எடுத்துக்கொள்ள அழகான ஒரு மூலை அமைக்கலாம் என்று யோசனை. சாப்பாடு சூடாக்க மைக்ரோவேவ். சமையல்காரரை நாகர்கோவிலில் குழுவுக்குச் சொந்தமான கல்யாண மண்டபத்துக்கு மாற்றலாம். அங்கே வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்க ஆள் தேவை. வரும் சனிக்கிழமை குழு குடும்பத்தோடு மேலே வந்து நேரில் பார்த்து முடிவு செய்யும்.

கடிதத்தை நான் படித்துக் காட்டினேன்.

"செருப்புக்கு டோக்கனா?"

"ஆமா."

"சமையக்கட்டுப் பக்கம் போகலாமா?"

"கல்யாணத்துக்குச் சமையல் ஆளு வெளியிலேருந்து வருவாங்களாம், அண்ணாச்சி."

"அப்ப நான் வாசல்ல இருந்து மணத்த மட்டும் பிடிக்கணும்" என்றார். "சாம்பார்ல பெருங்காயம் கூடிப்போச்சுன்னு தெரியும். ஒண்ணும் செய்ய முடியாது. கையில டோக்கன் இருக்கும்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். மலைக்காற்று என்று ஊரே சொல்வது நீங்கள்தான் என்று சொன்னால் வேலை நிலைக்கும். அவர் என்னைப் பார்த்த பார்வையில், ஏழு வருடம் ஊர் சுற்றியும் எனக்கு ஊர் தெரியவில்லை என்பது தெரிந்தது. "குழுத் தலைவரு பொண்டாட்டி யாரு? அழகியநாயகி அக்கா. அவிய அவியலுக்கு நாஞ்சில் நாட்டுல பேரு. அந்த அவியல்ல நான் கைவச்சேன்னு அவிய புருசங்கிட்டப் போய்ச் சொல்லணுமா? டோக்கன் வேலையும் கிடைக்காது."

சனிக்கிழமை இரண்டு வேனில் முப்பது பேர் கீரிப்பாறை வரை வந்து, நாலு ஜீப்பில் மேலே ஏறினார்கள். அப்பா மூட்டுவலி என்று வரவில்லை. முதலில் இறங்கியவர் தலைவர் வள்ளிநாயகம். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் வயரிங்கைத்தான் பார்ப்பார். அவருக்குப் பின்னால் அழகியநாயகி, மடியில் ஒரு பித்தளைப் போணியோடு. மலைப் பாதையில் முக்கால் மணி நேரம் அதை யாரிடமும் கொடுக்காமல் வந்திருந்தார். கடைசி ஜீப்பில் அனில்குமார், துபாயில் பன்னிரண்டு வருடம் இருந்து திரும்பி, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர். அவர் மடியில் மைக்ரோவேவ். அவரும் அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

"துபாயில பன்னெண்டு வருசம் இதுலதான் உயிர் பொழச்சேன்" என்று சொல்லிக்கொண்டே அதைக் கூடத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தார். "பொகை இல்ல, கரி இல்ல, ஆளு வேண்டாம். பகவதி அண்ணாச்சி, இனி ஒமக்கு ஓய்வு. அங்க நின்னு பாரும்."

பகவதியப்பன் சுவரோரம் நின்று பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார். அவிழ்த்தால் எங்கே போய்விடுமோ என்று பயந்த மாதிரி இறுகக் கட்டியிருந்தார்.

பித்தளையை அதற்குள் வைக்கக்கூடாது என்பது முதல் சிக்கல். எல்லாவற்றையும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றினார்கள். ஒரு நேரம் ஒரு கிண்ணம்தான். முப்பது பேர் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு முறை அது 'டிங்' என்றதும் அனில்குமார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பன்னிரண்டாவது டிங்கில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒருவழியாக, மேசையில் பதினாறு பேரும் மிச்சப்பேர் தேக்குத் தரையிலுமாக எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாப்பிடத் தொடங்கினார்கள். பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது.

"தீயலு... சூடா இருக்கு" என்றார் ஒருவர்.

"ஆமா. சூடு நல்லா இருக்கு."

இன்னொருவர் எரிசேரியைத் தள்ளிவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "போன தடவ இப்படி இல்லையே. காத்து மாறிப்போச்சோ?"

"காத்து எப்படி நல்லாருக்கும்? ஆரல்வாய்மொழி முழுக்கக் காத்தாடிய நட்டு வச்சிருக்கானுவ. காத்துல உள்ள சத்த எல்லாம் அங்கயே உறிஞ்சீருகு. மிச்சம் சக்கதான் இங்க வருகு."

வள்ளிநாயகம் கரண்டியைக் கீழே வைத்தார். "காற்றாலை காத்துல உள்ள சத்த எடுக்காதுவே. அது வேகத்தத்தான் எடுக்கும்" என்று தொடங்கி, காற்றாலை எப்படி வேலை செய்கிறது என்று ஐந்து நிமிடம் விளக்கினார். யாரும் தடுக்கவில்லை. அது நடக்கும்வரை சாப்பிட வேண்டாமே.

பிறகு அவியல் வந்தது. வருடத்துக்கு நாலு தடவை குழு மேலே வரும். அந்த நாலு தடவையும் அழகியநாயகியின் அவியல் மேசையைச் சுற்றி வரும்போது ஒரு பெருமூச்சு எழும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தார்கள். பெருமூச்சு எழவில்லை. அழகியநாயகி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கடைசியில் ஒரு நல்ல மனசுக்காரி வாய் திறந்தாள்.

"காயி நல்லா வெந்திருக்கு மதினி."

எங்கள் ஊரில் ஒரு அவியலைப் பற்றி இதைவிடக் கொடுமையாக எதுவும் சொல்ல முடியாது. நானும் ஒரு வாய் வைத்தேன். உப்பு என்ற ஒன்று அதற்குள் போகவே இல்லை. புளிப்பு மட்டும் இரண்டு மடங்கு இருந்தது.

அழகியநாயகி எழுந்தார். மேசையில் இருந்த அவியல் கிண்ணங்களை எல்லாம் எடுத்து மறுபடியும் போணியில் கொட்டினார். சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரின் தட்டிலிருந்தும் வழித்து எடுத்தார். "ஏட்டி, எங்க போற?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பின்கட்டுக்கு நடந்தார். சுவரோரம் பகவதியப்பனைக் காணவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன்.

பகவதியப்பன் ஆறிப்போன அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"பகவதி. என்ன செஞ்சீரு?"

"நான் ஒண்ணும் செய்யலக்கா. சத்தியமா."

"அதத்தான் கேக்கேன். ஏன் செய்யல?"

பகவதியப்பன் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அழகியநாயகி போணியை அடுப்புமேல் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தக் காய்ச்சல் வந்துது பாரும், ஊரெல்லாம் மூக்கையும் வாயையும் கட்டிட்டுக் கிடந்தமே, அதுக்குப் பொறவு எனக்கு நாக்குல ஒண்ணும் தெரியல. மணமும் இல்ல. உப்பும் ஒண்ணு, மண்ணும் ஒண்ணு. வீட்டுல ரெண்டு பேருக்குக் கை அளவுல ஓட்டீருகேன். அவருக்கு எதப் போட்டாலும் பேப்பர் படிச்சிட்டே தின்னுவாரு. முப்பது பேருக்கு வச்சா அளவு பிடிபடல்ல. கல்யாண வீட்டுல கூப்பிட்டா முட்டுவலின்னு சொல்லுகேன். இங்க மட்டுந்தான் தைரியமா கொண்டு வருகது."

"தெரியும்" என்றார் பகவதியப்பன்.

"என்ன தெரியும்?"

"போன சித்திரைக்கு அவியல்ல சீனி கிடந்துது."

அழகியநாயகி வாயைப் பொத்திக்கொண்டார். "சீனியா? எவ்வளவு?"

"அது இப்ப எதுக்கு? காயி எல்லாத்தையும் கழுவித்தான் மறுபடி தேங்காய் அரச்சேன்."

"அண்ணைக்கித்தானே அவரோட அக்கா என்கிட்ட அளவு எழுதி வாங்கினா?"

"ஆமா."

"அவ வச்சுப் பாத்து வரலன்னு சொன்னா. ஒனக்குக் கைப்பக்குவம் இல்லட்டின்னு அவளத் திட்டி விட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அந்த அம்மாள் சிரிக்கத் தொடங்கினார். சத்தம் வெளியே போகாமல் இருக்க முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு சிரித்தார். பகவதியப்பன் அதற்குள் அடுப்பில் சுள்ளி வைத்துவிட்டார்.

நான் தேங்காய் திருவினேன். அழகியநாயகி ஜீரகம் எடுத்துக் கொடுத்தார். பகவதியப்பன் கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து விட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு நக்கி, புளிப்பை அடக்க வெந்த சேனையை மசித்துச் சேர்த்து, பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் மேலே விட்டு மூடினார். "மிச்ச கறிகளையும் கொண்டுவா மக்கா" என்றார். நான் மேசைக்குப் போய், மைக்ரோவேவில் நடு சூடாகவில்லை என்று பொய் சொல்லி, எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன். அனில்குமார் மட்டும் தயங்கினார். "துபாயில நடு நல்லா சூடாகுமே" என்றார்.

இருபது நிமிடத்தில் எல்லாம் திரும்பிப் போயின. இந்தத் தடவை மேசை முழுக்கக் கை ஓடுகிற சத்தம்தான். அனில்குமார் மூன்று முறை அவியல் வாங்கினார். 'காயி நல்லா வெந்திருக்கு' சொன்ன பெண், "இதாக்கும் மதினி அவியலு. ஆறிப்போனா ருசி தெரியாது" என்றாள். அழகியநாயகி தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நாக்கில் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எல்லோருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டே அவரும் சாப்பிட்டார்.

வள்ளிநாயகம் கை கழுவிவிட்டு வந்து தொண்டையைச் செருமினார்.

"நான் இத ஒரு பொறியாளரா பாக்கேன்" என்றார். "மைக்ரோவேவுல சூடு உள்ளருந்து வெளிய வருகு. விறகடுப்புல கீழருந்து மேல போகு. தேங்காய் சேர்ந்த பண்டத்துக்குக் கீழ்ச்சூடு வேணும். இது என் மனைவியோட அவியல்ல இண்ணைக்கு நிரூபணமாச்சு. அதனால அடுப்ப இடிக்கது சரியில்ல. இங்க உள்ள வயரிங்கும் அந்தப் பெட்டிய ரொம்ப நாளு தாங்காது. அடுப்பு இருக்கட்டும். அடுப்பு இருந்தா அதுக்கு ஒரு ஆளு வேணும். பகவதி இருக்கட்டும்."

கைதட்டினார்கள். மறுபடியும் சுவரோரம் வந்து நின்ற பகவதியப்பன் கைகளை அவிழ்த்து, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் பகவதியப்பனுக்கு நன்றி சொல்லியே ஆகவேண்டும் என்று அழகியநாயகிக்கு ஆகிவிட்டது. எழுந்து நின்று, "அடுத்த தடவ யாரும் வீட்டுலேருந்து ஒண்ணும் கட்டிட்டு வராண்டாம். எல்லாத்தையும் பகவதியே வைக்கட்டும். அவர் கையால ஒரு நாளு முழுச் சாப்பாடு தின்னு பாப்போம்" என்றார்.

மறுபடியும் கைதட்டினார்கள். பகவதியப்பனின் முகத்தைப் பார்த்தது நான் மட்டும்தான். அட்டை காலில் ஏறும்போது இருக்கும் முகம்.

நாலு மணிக்கு ஜீப்புகள் இறங்கின. நான் வழக்கம்போலக் கடைசி ஜீப்பில் ஏறப்போனபோது அவர் குதித்துக் குதித்துப் பின்னால் வந்தார்.

"மக்கா, ஒரு காரியம்."

"என்ன அண்ணாச்சி? இனி என்ன கவலை? பதினாலு வருஷமா நீங்க கேட்டது கிடைச்சாச்சே."

"அதாக்கும் கவல. பதினாலு வருசமா நான் ஒண்ணையும் தொடங்கினது இல்ல. யாரோ தொடங்குவா, நான் முடிப்பேன். இப்ப பின்கட்டுல போய்ச் சும்மா ஒரு சட்டிய அடுப்புல வச்சுப் பாத்தேன். வெறுஞ்சட்டி என்னையப் பாக்கு, நான் அதப் பாக்கேன். மொதல்ல என்ன போடணும்னே ஓர்ம இல்ல." ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நீ நாளைக்கு வரும்போது வீட்டுலேருந்து ஒரு கொழம்பு வச்சுக் கொண்டு வாயேன். அதுலருந்து பிடிச்சுப் போயிருவேன்."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே."

"ரொம்ப நல்லது" என்றார்.

மறுநாள் காலையில், அம்மா கோவிலுக்குப் போன நேரத்தில், நான் ஒரு குழம்பு வைத்தேன். முருங்கைக்காய், கத்தரிக்காய், கையில் அகப்பட்ட பொடிகள். எந்த டப்பாவிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. தூக்கில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பூதப்பாண்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் இரண்டு நிறுத்தத்தில் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனாள்.

பகவதியப்பன் மூடியைத் திறந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். கண்ணை மூடியவர் நெடுநேரம் திறக்கவில்லை.

"அண்ணாச்சி?"

"ஏட்டி, ஏழு வருசம் நீ எதத் தின்னு உயிரோட இருந்த?"

ஆனால் கரண்டி அதற்குள் அவர் கைக்கு வந்திருந்தது. "மொதல்ல இந்தக் காய எடுத்துரு. வெந்து போச்சு. புதுசா நறுக்கு" என்றார். நறுக்கினேன். "இந்தத் தண்ணி வேண்டாம், கொட்டு." கொட்டினேன். புளி புதிதாகக் கரைத்தார். தேங்காயை அவரே வறுத்தார். வறுக்க வறுக்க அவர் குரல் ஏறியது. மல்லி இவ்வளவு, மிளகாய் இவ்வளவு, தீயைக் குறை, கூட்டு, அங்கேயே நில்லு, நகராதே. அரை மணி நேரத்தில் என் குழம்பில் இருந்த எல்லாம் வாழைக்குழியில் கிடந்தன. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்ததில் என்னுடையது என்று எதுவுமே இல்லை.

கரண்டியை என் உள்ளங்கையில் சாய்த்தார். நக்கினேன். பதினொரு நாட்டில் சாப்பிட்டவள் நான். மறுபடியும் கையை நீட்டினேன்.

அவரும் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். பெருமையோடு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒன் கொழம்பு மோசமில்ல மக்கா" என்றார். "சின்னச் சின்ன திருத்தந்தான். அடுத்த வாரம் அவியலு கொண்டு வா."